நிறுத்தும் பொத்தான்

பேக்கரியில் ரொட்டி மாவை உருளைக்குள் விடுவது அக்வெலேயின் வேலை. மறுபக்கம் வெளியே வருவதைப் பிடித்து, மடித்து, இயந்திரத்தின் தலைக்கு மேலாகத் திருப்பிக் கொடுப்பது டெடேயின் வேலை. வழவழவென்று குழந்தைக் கன்னம்போல ஆகும்வரை மாவு இரண்டு இரும்பு உருளைகளுக்கு நடுவே போய்ப் போய் வரும். அடுப்புச் சூடு, ஜாதிக்காய் வாசனை, அக்ராக் கடற்காற்றின் பிசுபிசுப்பு. இத்தனைக்கும் நடுவில் இருவர் வாயும் ஓயாது.

"உன் புருஷன் போன் பண்ணினானா?" என்றாள் அக்வெலே.

"கப்பல்ல சிக்னல் இல்லையாம்."

"கரைக்கு வந்தாக்கூட இல்லையா? பாவம், அக்ராவை விட்டாலே உலகத்துல டவரே கிடையாது போல."

"மாவைப் பாருடீ. என் புருஷனை நான் பாத்துக்கறேன்."

"எங்க பாத்தே? ரெண்டு வருஷமாச்சே."

டெடேயின் இடுப்புக்குப் பக்கத்தில், தூணில், ஒரு தகரப் பெட்டி. அதில் வரிசையாக மூன்று கறுப்புப் பொத்தான்கள், மூன்றும் ஒரே அளவு. ஒன்று உருளையை முன்னே ஓட்டும், ஒன்று பின்னே ஓட்டும், ஒன்று நிறுத்தும். ஏதோ வெள்ளைக்கார ஊரில் உழைத்துக் களைத்தபின் இங்கே வந்து சேர்ந்த இயந்திரம் அது. பெட்டியில் இருந்த எழுத்துகள் மார்ஜரின் கொழுப்பு ஒட்டிய கைகள் பட்டுப் பட்டு என்றோ அழிந்துவிட்டன. அதனால் முன்பு வேலை பார்த்த யாரோ, நிறுத்தும் பொத்தானின் மேல் மால்ட் பான பாட்டிலின் தகர மூடி ஒன்றைப் பசை போட்டு ஒட்டிவைத்திருந்தார்கள். மாவில் கை இருக்கும்போது கண் வேறெங்கும் போகாது. உள்ளங்கையில் மூடியின் பல் குத்தினால் அது நிறுத்தம். அவ்வளவுதான் பாடம்.

அந்த வருடம் பேக்கரி முதலாளி மேடம் குவாயேவுக்குப் பெரிய சூப்பர் மார்க்கெட் ஆசை வந்தது. தெருமுனையில் தலைச்சுமையாக விற்ற ரொட்டி இனிமேல் குளிர்சாதனக் கடையில் உட்கார வேண்டும். அதற்கு உறை அழகாக இருக்க வேண்டும். மகன் ஒடார்டே டிசைன் படித்துவிட்டு வீட்டில் இருந்தான். படித்தான் என்பது தெருவுக்குத் தெரியும், என்ன படித்தான் என்பதில்தான் பேச்சு. அவன் பழைய உறையிலிருந்த கோழியை எடுத்தான், கோதுமைக் கதிரை எடுத்தான், சிரிக்கும் பாப்பாவை எடுத்தான். கடைசியில் வெள்ளையும் வெள்ளியும் மட்டும் மிஞ்சின.

"கண்ணுக்கு இடைஞ்சலா ஒண்ணும் இருக்கக்கூடாதும்மா," என்றான்.

மேடத்துக்கு அந்த வாக்கியம் பிடித்துப்போயிற்று. கடைக்காரர்கள் பேக்கரியைப் பார்க்க வருகிறார்கள் என்றதும் சுவருக்கு வெள்ளை, இயந்திரத்துக்கு வெள்ளி என்று உத்தரவு போட்டார். பெயிண்டர் பையன்கள் தகரப் பெட்டியையும் விடவில்லை. பாட்டில் மூடியைச் சுரண்டி எறிந்துவிட்டுப் பொத்தான்கள் மேலேயே தூரிகையை இழுத்துவிட்டுப் போனார்கள். வந்தவர்கள் போட்டோ எடுத்தார்கள், தலையாட்டினார்கள், ஆர்டர் கொடுத்தார்கள்.

"மேடம், அந்த மூடி?" என்று டெடே ஒரு தடவை கேட்டாள்.

"குப்பையையா மறுபடி ஒட்டச் சொல்றே? எண்ணிப் பழகிக்கோ. நடுவுல இருக்கறது."

நடுவில் இருப்பது பின்னே ஓட்டுவது. மேடம் அந்தப் பெட்டியைத் தொட்டதே இல்லை. நிறுத்துவது வலது ஓரம் என்று டெடேயே சொல்லிச் சொல்லிப் பழகினாள். நிதானமாக இருக்கும்போது தப்பவில்லை.

ஆர்டர் வந்தபின் மாவு இரண்டு மடங்காயிற்று, ஆட்கள் அதே ஆட்கள். ஒரு சனிக்கிழமைக் காலை மாவு உருளையில் ஒட்டிக்கொண்டது. அக்வெலே விரலால் தள்ளிவிட்டாள். தினமும் தள்ளுவதுதான். அன்று உருளை விரலைப் பிடித்துக்கொண்டது.

"நிறுத்து! டெடே, நிறுத்து!"

டெடேயின் கை பெட்டிக்குப் போயிற்று. உள்ளங்கை மூடியைத் தேடியது. எல்லாம் வழவழவென்றிருந்தது. கண் அக்வெலேயின் முகத்தில் இருந்தது. கையில் அகப்பட்டதை அழுத்தினாள். அது முன்னே ஓட்டும் பொத்தான். முன்னே ஓடிக்கொண்டிருந்த உருளை அதற்கென்ன, ஓடிக்கொண்டேயிருந்தது. அவள் அதையே மறுபடி அழுத்தினாள், மறுபடியும், முழு பலத்தோடு. அடுப்பு பார்க்கும் அஷிட்டே ஓடிப்போய் வெளியே மெயின் சுவிட்சை இறக்கியபோது நடுக் கணுவரை மூன்று விரல் போயிருந்தது.

வலது கை. சாயங்கால வேளைகளில் தெருப் பெண்களுக்குத் தலை பின்னிச் சம்பாதித்ததும் அந்தக் கைதான்.

மேடம் ஆஸ்பத்திரிக்குப் போனார். பால் டின்களும் ஒரு மைலோ பானப்பொடி டின்னும் கொடுத்தார். அது பெரிய டின்னா சின்ன டின்னா என்பதில் தெரு இரண்டு கட்சியானது. திங்கட்கிழமையே அக்வெலேயின் இடத்தில் ஒரு புதுப்பெண் நின்றாள் என்பதில் மட்டும் கட்சி பேதம் இல்லை.

அக்வெலேயின் அண்ணன் தொழிலாளர் அலுவலகத்துக்குப் போனான். இயந்திரத்தில் குறையென்றால் முதலாளி நஷ்டஈடு கொடுக்க வேண்டும். ஆளின் கவனக்குறைவென்றால் ஒன்றும் கிடையாது. அடுத்த வெள்ளிக்கிழமை நேரில் வந்து பார்ப்பதாக அதிகாரி சொல்லியனுப்பினார்.

மேடம் டெடேயைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தப்பான பொத்தானை அமுக்கினது யாரு?"

"நான்தான் மேடம்."

"நான் அமுக்கச் சொன்னேனா?"

"இல்ல மேடம்."

"அதை மட்டும் அவர்கிட்ட சொல்லு. உள்ளதைத்தானே சொல்லச் சொல்றேன்? சொன்னா உன் வேலை உன்னோடது. வேற கதை ஏதாவது சொன்னே, இந்தத் தெருவுல எந்த அடுப்படியிலயும் உன்னைச் சேர்க்க மாட்டாங்க. மூணு புள்ளைங்கள வச்சிருக்கே. கப்பல்காரன் அனுப்பற லட்சணம் எனக்கும் தெரியும்."

ஒடார்டே செவ்வாய்க்கிழமையிலிருந்து தகரப் பெட்டியோடு உட்கார்ந்திருந்தான். படிப்பு வீணாகவில்லை என்பதை அன்றுதான் தெரு கண்டது. நிறுத்தும் பொத்தானை வரிசையிலிருந்து பிரித்துத் தள்ளிவைத்தான். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மரவட்டம் சீவி அதன்மேல் பொருத்தி, சிவப்படித்தான். மற்ற இரண்டுக்கும் பச்சை, ஆளுக்கொரு அம்புக்குறி. எழுத்து வாசலிலிருந்தே தெரிந்தது.

"நிறுத்தறது தனியா இருக்கணும், பெருசா இருக்கணும், பாக்காமலே கைக்குத் தெரியணும். முதல் வருஷப் பாடம்மா இது."

"அப்ப ஏண்டா முதல்லயே பண்ணல?"

"முதல்ல நீ அழகுதானே கேட்டே?"

கடற்கரை ஊரில் பெயிண்ட் சீக்கிரம் காயாது. வியாழக்கிழமை காலை சிவப்புக்கு இரண்டாவது பூச்சு கொடுத்துவிட்டு ஒடார்டே கை கழுவிக்கொண்டிருந்தபோது, இந்தப் பக்கம் வேறு வேலையாக வந்ததாகச் சொல்லிக்கொண்டு அதிகாரி ஒரு நாள் முன்னதாகவே வந்து நின்றார். யாரோ ஓடிப்போய் அக்வெலேயை அழைத்துவந்தார்கள்.

அதிகாரி பெட்டிக்கு முன்னால் குனிந்து பார்த்தார். நல்ல மனிதர், குரலே உயரவில்லை.

"நிறுத்தறது எதும்மா?"

டெடே காட்டினாள்.

"என்ன கலர்?"

"சிவப்பு சார்."

"மெஷினை ஓடவிட்டு, இப்ப நிறுத்திக் காட்டு."

அவள் நிறுத்தினாள். உருளை அந்த நொடியே நின்றது.

"சின்னக் குழந்தைகூடத் தப்பு பண்ணாதே," என்றார் அவர், வருத்தமாகத்தான்.

"சார், இது அன்னிக்கு இப்படி இல்ல," என்றாள் அக்வெலே. "எல்லாம் ஒரே வெள்ளியா இருந்துச்சு. தடவிப் பாத்தாலும் தெரியாது. டெடே, நீ சொல்லு."

அதிகாரி அஷிட்டேயைப் பார்த்தார். அஷிட்டே, தான் அடுப்பைப் பார்க்கிறவன், பெட்டியைப் பார்க்கிறவனல்ல என்றான். மேடம் புது உறையில் இரண்டு ரொட்டிகளை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கும் இப்படித்தான் இருந்துச்சா?" என்று அதிகாரி டெடேயைக் கேட்டார்.

டெடேயின் வலது உள்ளங்கையில் பெயிண்ட் ஈரம் ஒட்டியிருந்தது. அவள் குனிந்து பார்க்கவில்லை. விரல்களை மெல்ல மடக்கிக்கொண்டாள்.

"இப்படித்தான் சார் இருந்துச்சு. நான்தான் பாக்காம அமுக்கிட்டேன்."

அக்வெலே அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அந்த மூடிய கையையே பார்த்தாள்.

அதிகாரி ரொட்டிப் பையை வாங்கிக்கொண்டார். மரியாதை தெரிந்தவர் என்பதால் எல்லாரிடமும் கைகுலுக்கி விடைபெற்றார். மேடத்திடம், ஒடார்டேயிடம், அஷிட்டேயிடம். அக்வெலேயிடம் வந்தபோது அவள் கட்டுப்போட்ட கையைப் பின்னால் வைத்துக்கொண்டாள். இடது கையைப் பெரியவர்களிடம் நீட்டக்கூடாது. சற்று யோசித்துக் கட்டுக்கு மேலே மணிக்கட்டை நீட்டினாள். அவர் அதைப் பிடித்து மெல்ல அசைத்தார்.

அடுத்து டெடே. அவளும் விரலைத் திறக்காமல் மணிக்கட்டை நீட்டினாள்.

"மாவா? பரவாயில்ல," என்று சிரித்துக்கொண்டே அவர் அதையும் பிடித்துக் குலுக்கினார்.