யாரிடம் சொன்னீர்கள்?

பால் பொங்கி வழிந்து அடுப்பையே அணைத்துவிட்டது. கேஸ் நாற்றம் கூடம்வரை வந்த பிறகுதான் மாமியார் ஓடிவந்து மூடினாள். மருமகளோ சுவரில் சாய்ந்து, கரண்டியும் கையுமாக, நின்றபடியே தூங்கிக்கொண்டிருந்தாள்.

"வாரத்துல இது மூணாவது தடவ! குடும்பத்தையே கொளுத்திடுவ போலிருக்கே! சாயங்காலம் உங்கப்பாவ வரச் சொல்றேன். இந்தத் தூங்குமூஞ்சிய அவரே கூட்டிட்டுப் போகட்டும்."

மருமகளுக்கு அழுகை முட்டியது. ஐந்து வருஷமாக அந்த வீட்டில் முதலில் எழுந்து கடைசியில் படுப்பவள் அவள்தான். போன வாரம் உடம்பெல்லாம் தடித்து அரித்ததற்கு மாத்திரை சாப்பிட ஆரம்பித்தாள். அரிப்பு போயிற்று, இந்தப் பாழாய்ப்போன தூக்கம் வந்து ஒட்டிக்கொண்டது. ஏதோ பெரிய வியாதி என்று பயந்து, கொட்டாவி விட்டபடியே தெருமுனை மருந்துக் கடைக்கு நடந்தாள்.

"அக்கா, தூக்கம் வராம இருக்க ஒரு மாத்திரை குடுங்க."

கடைக்கார அக்கா அவள் கையிலிருந்த அட்டையை வாங்கிப் பார்த்தாள். "அடிப் பாவி! தூக்கமே இந்த மாத்திரையாலதான். அடுப்புப் பக்கம் போகக் கூடாதுன்னு அன்னைக்கே படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!"

"யார்கிட்ட?"

"உன் வீட்டுக்காரர்கிட்ட."

"அன்னைக்கு நானும் கூட வந்து இந்தப் படியிலதானே நின்னேன்?"

அக்காவின் முகம் சுண்டிப்போனது. இருபது வருஷப் பழக்கம் அது. மாத்திரை யாருக்கானாலும் விளக்கம் கூட வந்த ஆம்பளைக்குத்தான்.

மருமகளுக்கு வந்ததே ஒரு சிரிப்பு! வியாதியும் இல்லை, சோம்பலும் இல்லை! வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அது அக்காவுக்கும் தொற்றிக்கொண்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, மாத்திரை உறையில் கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுத்தாள் அக்கா. "அரிப்புக்குத் தூக்கம் வராத மாத்திரையும் இருக்கு. நாளைக்கே டாக்டரக் கேளு. இனிமே சாப்பிடுறவங்ககிட்டதான் சொல்லுவேன்."

சாயங்காலம் அப்பா வந்து தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். மாமியார் வாய் திறக்குமுன் மருமகள் உறையைக் கணவனிடம் நீட்டினாள்.

"சத்தமாப் படிங்க."

"தூக்கம் வரும். அடுப்புப் பக்கம் போகாதே." அவன் குரல் தேய்ந்தது. "சொன்னா அதையே சாக்கா வச்சுப் படுத்துடுவியோன்னுதான்... அப்புறம் சமையல் யாரு பாக்குறது?"

"டேய், வீடே எரிஞ்சிருக்குமேடா!" என்றாள் மாமியார்.

மருமகள் எல்லார் முன்னாலும் மாத்திரையை விழுங்கித் தண்ணீர் குடித்தாள். "அரை மணி நேரத்துல தூக்கம் வந்துடும். அப்பா, இருந்து சாப்பிட்டுப் போங்க. உங்க மாப்பிள்ளைதான் சமையல்."

சொல்லிவிட்டுக் கூடத்தின் நட்டநடுவில் பாயை விரித்துப் படுத்தாள். அப்பா தோள்துண்டால் வாயை மூடிக்கொண்டு குலுங்கினார்.

அவளுக்குக் கண் செருகும் நேரம், சமையலறையிலிருந்து கணவனின் அலறல். கைபேசியைப் பார்த்துக்கொண்டே நின்றதில் பால் பொங்கி அடுப்பு அணைந்துவிட்டதாம்.

அவன் எந்த மாத்திரையும் சாப்பிட்டிருக்கவில்லை.