வாசலோர மேஜை

பிணவறைக்காரி ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தபோது சபைச் செயலாளர் வந்தார். உட்காரச் சொன்னாள். நாற்காலியைப் பார்த்தார், நின்றுகொண்டே இருந்தார்.

அரசு மருத்துவமனையில் இறந்தவர்களைக் குளிப்பாட்டி, துணி சுற்றி, உறவினர் கையில் ஒப்படைப்பது அவள் வேலை. பதினெட்டு வருஷமாகத் தெருவுக்கு அவள் பிணவறைக்காரி. ஞாயிற்றுக்கிழமை மட்டும் சகோதரி.

"நாளைக்கு விருந்துக்கு ரொட்டி வேணாம் சகோதரி. கடையில சொல்லிட்டோம்."

"ஏங்கய்யா, போன தடவை கருகிடுச்சா?"

"சேச்சே! உங்களுக்கு எதுக்குச் சிரமம்னுதான்..." செயலாளர் தொண்டையைச் செருமினார். "அப்புறம், பந்தியில உங்களுக்குத் தனியா இடம் போட்டிருக்கோம். கிண்ணமும் தனி. பிணவறையில உங்க வேலையை நேர்ல பார்த்ததுலேருந்து சில பேருக்கு மனசு சங்கடமா இருக்காம். எனக்கில்ல. நான் அப்படிப்பட்டவன் இல்ல."

பாதி முகத்தில் சவர நுரையோடு அவள் புருஷன் வெளியே வந்தான். பஸ் டிரைவர், குரலும் அப்படித்தான்.

"யாருங்க அந்தச் சில பேரு?"

"பேரைச் சொல்றது அன்புக்கு அழகில்லைங்க."

"உங்க மாமியாரைப் போன மாசம் இவதானே குளிப்பாட்டி அனுப்பினா? அப்ப யாருக்கும் சங்கடமா இல்லையா?"

"அது வேற, இது வேற" என்றார் அன்பானவர். வாசற்படியை இரண்டே எட்டில் கடந்தார்.

"நாளைக்கு நீ அங்க போகக் கூடாது" என்றான் புருஷன்.

"போகலன்னா அவங்களுக்குத்தான் வசதி. அடுப்பைப் பத்த வைங்க."

மாதம் ஒருமுறை ஆராதனை முடிந்ததும் அந்தச் சபையார் ஒரே நீள மேஜையில் அமர்வார்கள். ரொட்டியைப் பிட்டு, ஒரே கிண்ணத்தில் திராட்சரசம் பருகி, அவரவர் கொண்டுவந்ததைப் பகிர்ந்து சாப்பிடுவார்கள். அன்பின் விருந்து என்று பெயர். அன்று வாசலோரம் ஒரு குட்டி மேஜையும் கிடந்தது. வெள்ளை விரிப்பு, காகிதப் பூ, ஒற்றைக் கிண்ணம். அவமானத்துக்கும் பூ வைக்கத் தெரிந்த சபை அது.

"கொஞ்ச நாளைக்குத்தாம்மா. ஜெபம் பண்ணுவோம்" என்று போதகர் அவள் காதில் முணுமுணுத்தார். பிறகு சபையின் ஒற்றுமைக்காகக் கூரையைப் பார்த்து நெடுநேரம் ஜெபித்தார்.

புருஷன் சட்டைக் கையை மடித்துவிட்டான். அவள் அவனை இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்து, தன் ரொட்டியை மேஜையில் வைத்தாள்.

நீள மேஜையில் செயலாளர் மனைவி பிட்ட ரொட்டியைத் தட்டிலேயே திரும்ப வைத்தாள். போன மாதம் பிணவறையில் தன் தாயைத் தொடப் பயந்து அவள் சுவரோடு ஒட்டி நின்றிருந்தாள். இந்தப் பெண்தான் சிக்குப் பிடித்த தலையை விரலால் கோதி, "கொஞ்சம் திரும்பும்மா, முடிஞ்சிடுச்சு" என்று உயிருள்ளவரிடம் பேசுவதுபோலப் பேசி வாரிவிட்டாள்.

செயலாளர் மனைவி தட்டோடு எழுந்தாள்.

"எங்க போற? உக்காரு!"

"எங்கம்மாவுக்குத் தலை வாரினவங்க அங்க தனியா உக்காந்திருக்காங்க."

வாசலோரம் போய் ரொட்டியைப் பிட்டாள். பிணவறைக்காரி குடித்து வைத்த கிண்ணத்தை எடுத்துக் குடித்தாள். ஐம்பது பேரும் தட்டைப் பார்த்தார்கள். வேறு யாரும் எழவில்லை.

கமிட்டி கூடியது. இனி செயலாளர் மனைவி குடித்த கிண்ணத்தை யார் தொடுவது? சுகாதாரம் என்ற அழகான வார்த்தை கிடைத்தது. அடுத்த மாதம் குட்டி மேஜை இல்லை. எல்லாருக்கும் நீள மேஜையில் இடம். ஆளுக்கொரு பிளாஸ்டிக் கிண்ணம், விரல் நுனி அளவில்.

போதகர் தன்னுடையதை உயர்த்தினார். "நாம் அனைவரும் ஒரே பாத்திரத்தில் பங்கு பெறுகிறோம்."

"ஆமென்" என்றது சபை.

பிணவறைக்காரி பாதி குடித்து, மீதியை எதிரே இருந்த செயலாளர் மனைவியிடம் நீட்டினாள். அவள் ஒரு வாய் குடித்துவிட்டு, எல்லார் கண்ணெதிரே, பக்கத்தில் இருந்த கணவனிடம் கொடுத்தாள்.

"குடிங்க."

செயலாளர் அந்தத் துளி ரசத்தைப் பார்த்தார். தன் கிண்ணத்தை அப்போதுதான் ஒரே மடக்கில் காலி செய்திருந்தார்.

"எனக்குச் சர்க்கரை இருக்கு" என்றார்.