தட்டில் தெளிந்த வளையம்

வளையம் வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டா ஒருத்தி ஆய்வுக்கூடத்துக்கு வருவாள், அதுவும் இத்தனை வருடம் அந்த வளையத்துக்காகவே உழைத்தவள்... ரெஹானா இன்குபேட்டரின் கைப்பிடியைத் தொட்டாள், விட்டாள், கையுறை போட்டோமா என்று பார்த்துக்கொண்டாள், போட்டுத்தான் இருந்தது. கம்பத்திலிருந்து தேனி வரும் வரை பஸ்ஸில் இதே நினைப்புதான், ஜன்னலுக்கு வெளியே திராட்சைப் பந்தல் ஓடியதா தென்னை ஓடியதா ஒன்றும் ஞாபகமில்லை. உள்ளே நான்கு தட்டுகள் இருக்கின்றன. மூன்றில் கல்லூரி வாங்கித் தந்த கிருமிகள், அவற்றைப் பற்றிக் கவலையில்லை. நான்காவதில் மூடியின் மேல் 'ஜெ' என்று எழுதியிருக்கிறாள், ஜெய்த்தூன் பீவி, அம்மா. அம்மாவின் கால் கட்டைவிரல் புண்ணிலிருந்து பஞ்சில் தொட்டெடுத்து வளர்த்த கிருமி. அதைத் தட்டு முழுக்கப் பரப்பி, வெட்டுக்காயப்பூண்டு இலைச் சாற்றில் நனைத்த காகித வில்லையை நடுவிலும், ஒப்பிட்டுப் பார்க்க வெறும் சாராயத்தில் நனைத்த இன்னொன்றை ஓரத்திலும் வைத்து மூடியிருக்கிறாள். சாறு கிருமியைக் கொன்றால் வில்லையைச் சுற்றித் தெளிந்த வளையம் விழும், கொல்லாவிட்டால் தட்டு முழுக்க மங்கல்தான், கண்ணாடியில் மூச்சுவிட்ட மாதிரி. மங்கலாகவே இருக்கட்டும். இருந்தால் சொல்லிவிடலாம், அம்மா, இலை கேட்கவில்லை, ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று...

போன வாரம் டாக்டர் சொல்லிவிட்டார், சர்க்கரை உடம்பு, விரல் கருத்துவிட்டது, இப்போதே எடுத்தால் விரலோடு போகும், தள்ளிப்போட்டால் பாதம். தம்பி தௌபீக் அன்றைக்கே சேர்த்துவிடலாம் என்றான். அம்மா அசையவில்லை. ரெஹானா தட்டில் என்ன வருகிறதென்று பார்த்துவிட்டு வருகிறேன் என்றாள், ஏதோ பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பவள் மாதிரி. எங்கே தொடங்கியது இது? காமயகவுண்டன்பட்டித் தோட்டத்து வரப்பில் பறித்து வந்த அந்தச் செடியை மொட்டைமாடியில் காயவைப்பதே அம்மாதான், மழை வந்தால் முதலில் ஓடுவதும் அவள்தான். புதுச்செருப்பு கடித்து விரலில் கொப்புளம் வந்தபோது அங்கிருந்தே ஒரு பிடி எடுத்து அரைத்துக் கட்டிக்கொண்டாள். நல்ல இலைதானே புள்ள என்று கேட்டாள். நல்ல இலைதான்... அது பொய்யில்லையே, நல்ல இலையேதான், ஊதா நிறக் கரைசலில் அதன் சாற்றை விட்டபோது ஊதா வெளிறி மஞ்சளானதைக் கண்ணால் பார்த்தவள் அவள், உடம்பின் செல்களைக் கெடுக்கும் வீரியத்தை அடக்கும் சத்து இதில் இருக்கிறது என்று ஆய்வு வழிகாட்டி கிறிஸ்டோபர் சார் மற்ற மாணவர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். அதையும் வீட்டில் போய்ச் சொன்னாள். ஏன் சொன்னாள்? சொல்லாமல் எப்படி இருப்பது?

கதவைத் திறந்தாள், வெதுவெதுப்பான காற்றும் அந்தப் புளித்த வாடையும் முகத்தில் அடித்தன. 'ஜெ'யை எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தாள். வளையம்... என்ன வளையம் அது, மங்கலுக்கு நடுவே கத்தரித்து எடுத்த மாதிரி, விளிம்பு பிசிறில்லாமல், மற்ற மூன்று கிருமிகளில் ஒருமுறைகூட இவ்வளவு துலக்கமாக வந்ததில்லை. ஓரத்தில் வெறும் சாராயத்தில் நனைத்த வில்லையைப் பார்த்தாள், அதைச் சுற்றி ஒன்றுமில்லை, அப்படியானால் கொன்றது இலையேதான், சந்தேகமே வேண்டாம். புண்ணிலிருந்து நேராக எடுத்த முரட்டுக் கிருமி, அதையே தடுத்து நிறுத்தியிருக்கிறது, கட்டுரைக்கு இதுவே போதும், முதல் படமாக இதைத்தான் போட வேண்டும், கறுப்புத் துணியில் வைத்து எடுத்தால் விளிம்பு இன்னும் எடுப்பாகத் தெரியும், சார் வந்ததும்... போன் அடித்தது.

"அக்கா, காரு வாசல்லயே நிக்குது, அம்மா ஏற மாட்டேங்குறாக. தட்டுல என்ன வந்துச்சுன்னு தெரியணுமாம். கருப்பு மேல ஏறுதுக்கா, நான் பாத்தேன். நீ எதையாச்சும் சொல்லி ஏறச் சொல்லு."

எதையாவது சொல்வதென்றால் எதை? வந்தது என்று சொன்னால் அம்மா இன்னும் ஒரு பிடி அரைக்கச் சொல்வாள். கூடை கூடையாக இலையைச் சாராயத்தில் ஊறவைத்துச் சுண்டக் காய்ச்சிய சாறு இது, அம்மியில் அரைத்துக் கட்டுவது இதுவல்ல, அந்த விரலுக்கு ரத்தமே போகவில்லை, அழுகல் எலும்பு வரைக்கும் போய்விட்டது, இதையெல்லாம் போனில் எப்படி விளக்குவது... வரவில்லை என்று ஒரே சொல், முடிந்தது. ஒரு பொய்தானே, காலைக் காப்பாற்றுகிற பொய். ஆனால் தட்டு கையில் இருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டே சொல்ல முடியுமா? கவிழ்த்து வைத்தாள். அதற்குள் போன் அம்மாவின் கைக்குப் போயிருந்தது.

"ரெஹானா, வளையம் வந்துச்சா புள்ள?"

"மொதல்ல கார்ல ஏறுங்கம்மா."

"அப்ப வரல." அம்மாவின் குரல் இறங்கிவிட்டது. இதோ, தானே சொல்லிவிட்டாள், ஆமாம் என்றால் போதும், வாயைத் திறந்தாள்... அதற்குள் அம்மா, "வரலைன்னா ஒங்க சார்கிட்ட என்ன சொல்லுவ? வேற எடத்துல பறிச்சா கேக்குமா? நான் இன்னும் கொஞ்ச நாளு கட்டிப் பாக்குறேன் புள்ள, நீயும் இன்னொருக்கா போட்டுப் பாரு" என்றாள்.

"அம்மா, அது ஒங்களுக்குக் கேக்குதா? வலி கொறஞ்சிருக்கா?"

"வலியா? அந்த வெரல்ல எனக்கு ஒணர்ச்சியே இல்ல. எல கட்டுனாலும் ஒண்ணுதான், கட்டாட்டியும் ஒண்ணுதான். கடத்தெருவுல பாக்குறவுக எல்லாம் ஒங்க மக மருந்து கண்டுபிடிக்குதாமேங்குறாக. பெத்தவளே நம்பாம ஆஸ்பத்திரிக்கு ஓடுனாளாம்னு ஒரு பேச்சு வந்துருச்சுன்னா ஒன் படிப்புக்கு என்ன மருவாதி? அதான் கட்டிக்கிட்டுக் கெடந்தேன்."

காலுக்காக அல்ல, ரெஹானாவின் படிப்புக்காகவா... கருத்துப்போன விரலில் தினமும் பச்சிலை அரைத்துப் பூசி, துணி சுற்றி, கேட்கிறதா அம்மா என்று கேட்டபோதெல்லாம் கேட்கிறது கேட்கிறது என்று... பொய் சொல்லப் புறப்பட்டவள் தான் மட்டும்தான் என்று நினைத்தாளே.

"வந்துருக்கும்மா," என்றாள், கவிழ்த்த தட்டை நிமிர்த்திக்கொண்டே. "நல்லாவே வந்துருக்கு. ஆனா அது தட்டும்மா. ஒங்க கால்ல ரத்தம் போகல, அங்கன எந்த எலையும் ஒண்ணும் செய்யாது. வெரலு போனாப் போகட்டும். ஏறுங்கம்மா."

"வந்துருச்சா!" அந்தப் பக்கம் அம்மா சிரித்தாள், நிஜமாகவே சிரித்தாள். "அல்ஹம்துலில்லாஹ். இனி யாரு என்ன பேசுனா என்ன? ஏலே தௌபீக், வளையம் வந்துருச்சாம்டா. கையப் புடி, போவோம்." கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது, தௌபீக் போனை வைத்துவிட்டான்.

மதுரைப் பஸ் ஒன்று வெளியே ஹாரன் அடித்துக்கொண்டே போனது. பத்து மணிக்கெல்லாம் கார் இங்கே வந்துவிடும், ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும், அதற்குள் அளந்து குறித்துக்கொள்ளலாம் என்று அளவுகோலை எடுத்தவள் அப்படியே நின்றாள். வளையம் வந்தது என்றதும் அம்மா தன் விரலை மறந்துவிட்டாள், ஒரு நிமிடம் சுத்தமாக மறந்துதான் சிரித்தாள். சற்று முன்னால் இந்தத் தட்டை வெளிச்சத்தில் பிடித்தபோது... முதல் படம், கறுப்புத் துணி, எடுப்பான விளிம்பு... போன் அடிக்கும் வரைக்கும் அது யாருடைய கால் என்பது நினைவுக்கு வந்ததா? அம்மா மறந்ததும் தான் மறந்ததும் ஒரே மறதிதானா?