கொட்டகைக்கு வந்த ஏரி

ஹாலிஸ் ப்ரூயிட்டின் படகுக் கொட்டகைக்குள் பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஏரி வந்து நின்றது. முழங்கால் ஆழம்தான். கதவைத் தூக்கித் திறந்தபோதும் வாசலில் ஒரு சொட்டு வழியவில்லை. தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்ததால் அது டன்னிகன் ஏரிதான் என்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. மின்நிலையம் வெந்நீரைத் திறந்துவிடுவதால், கிழக்கு டெக்சஸில் பாஸ் மீன்கள் அங்கேதான் முதலில் முட்டையிடும். சிமெண்ட் தரையில், படகு வண்டிக்குப் பக்கத்தில், தாம்பாள அகலத்துக்கு ஒரு சரளைக்கல் கூடும் கூடவே வந்திருந்தது. அதில் முட்டைகள் இருந்தன.

காரணம் ஹாலிஸுக்கு உடனே புரிந்துவிட்டது. கூட்டுக்குக் காவல் ஆண் மீன். அது இருக்கும்வரை பெரிய பெண் மீனிடம் தூண்டில் போக விடாது, தானே ஓடிவந்து கடித்துத் தொலைக்கும். அதனால் அந்த ஊர்க்காரர்கள் ஆணை முதலில் பிடித்துப் படகின் தொட்டியில் போட்டுவிட்டு, தூண்டிலில் மாட்டிய ரப்பர்ப் பல்லியைக் கூட்டில் இறக்கிப் பெண்ணைப் பிடிப்பார்கள். பிடித்த கையோடு ஆணை அதே கூட்டில் விட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் சில்லறை மீன்கள் முட்டைகளை ஒரு கை பார்த்துவிடும். ஊர் மீன்பிடிச் சங்கத்தில் இதை யாரும் சட்டமாக எழுதவில்லை, மீறியவரும் இல்லை. முந்தைய நாள் சங்கத்தின் வருடாந்திரப் போட்டியின் முதல் சுற்றில் ஹாலிஸ் பிடித்த பெண் மீன் அவன் ஆயுளிலேயே பெரியது. வருடா வருடம் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போகும் மச்சான் ராய்ஸை ஒருவழியாக முந்திவிட்ட தலைகால் புரியாத சந்தோஷத்தில், எடைமேடைக்குப் படகை விரட்டினான். தொட்டியில் கிடந்த ஆணை அடியோடு மறந்துபோனான்.

இப்போது எடுத்து விட்டதும் அது நேராகக் கூட்டுக்குப் போய் நின்றது. ஆனால் வாய் கிழிந்து, துவண்டு போயிருந்தது. ஏரியோடு வந்த சில்லறை மீன்கள் முட்டைகளை மொய்க்க, ஆண் மீனால் திரும்பக்கூட முடியவில்லை. ஹாலிஸ் கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு, அவற்றை விரட்டத் துடைப்பத்தோடு தண்ணீரில் இறங்கினான். மர ஆலைக்கு விடுப்புச் சொன்னான். மனைவி வெர்லீன் சோள ரொட்டியும் பீன்ஸும் வாசலுக்கே கொண்டுவந்து கொடுத்தாள்.

"எனக்கு நிமோனியா வந்தப்போ ஒரு நாளாவது இப்படிக் காவல் நின்னிருக்கியா?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு, அவன் தூங்கிய நேரமெல்லாம் துடைப்பத்தை அவளே வாங்கிக்கொண்டாள்.

இறுதிச் சுற்று சனிக்கிழமை. அன்று ஒரே ஒரு நல்ல மீன் கிடைத்தாலும் கோப்பை ஹாலிஸுக்குத்தான் என்று ஊரே சொன்னது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ராய்ஸ் வந்து எட்டிப் பார்த்தான்.

"என்ன மாப்ள, என்கிட்ட தோக்கப் பயந்துக்கிட்டு வீட்டுக்குள்ளயே ஏரி வெட்டிட்டியா? வாப்பா. நீ இல்லாம ஜெயிச்சா எனக்கென்ன மரியாதை?"

"வரலை மச்சான். இதுங்க அப்பன நான்தான தூக்கிட்டு வந்தேன்."

"அதுக்கு?"

"அதுக்கு நான்தான் நிக்கணும்."

சனிக்கிழமை விடிந்ததும் படகுகள் கிளம்பும் சத்தம் வீடுவரை கேட்டது. ஹாலிஸ் துடைப்பத்தைக் கீழே வைக்கவில்லை. அந்தக் கோப்பைக்காக அவன் எத்தனை வசந்தங்கள் காத்திருந்தான் என்பது வெர்லீனுக்குத் தெரியும், அதனால் அவள் பக்கத்தில் வந்து நின்றாள். உச்சிப்பொழுதில், கற்களுக்கிடையே பொரிந்து கிடந்த குஞ்சுகள் கரும்புகையாகக் கூட்டிலிருந்து மேலே எழும்பின. ஆண் மீன் முதல் தடவையாக வாலை ஆட்டி அவற்றைச் சுற்றி வந்தது.

சாயங்காலம் ராய்ஸ் கோப்பையோடு வந்தான். பீற்றிக்கொள்ளத்தான் வந்தான், நாலு வார்த்தை பீற்றவும் செய்தான். பிறகு குஞ்சுகளைப் பார்த்தான். கோப்பையைப் பெயிண்ட் டப்பாக்கள் பக்கத்தில் வைத்துவிட்டு, பூட்ஸைக் கழற்றாமலே தண்ணீரில் இறங்கித் துடைப்பத்தைப் பிடுங்கினான்.

"போய்ப் படு மாப்ள. ராத்திரிக்கு நான் நிக்கிறேன்."

குஞ்சுகள் பெரிதாகிக் கலைந்த ஒரு காலையில் ஏரி போய்விட்டிருந்தது, தரையில் ஈரம்கூட இல்லை. மறுவருடம் ஹாலிஸ் எந்த மீனையும் மறந்து வைக்கவில்லை, ஆனாலும் ஏரி வந்தது, இந்தத் தடவை நான்கு கூடுகளோடு. சங்கத்தார் கூடிப் பேசி இறுதிச் சுற்றை மார்ச்சுக்குத் தள்ளிவைத்தார்கள். பிப்ரவரியில் ஹாலிஸுக்கும் ராய்ஸுக்கும் வீட்டில் வேலை இருக்கும் என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது.