ஐந்தாவது க்ளிப்

அன்று காலையில் ரூபன் வீட்டுச் சுவரில் நாலு க்ளிப் அடித்தான். துடியலூரில் நூற்றிருபது வீடுகளுக்கு டிவி கேபிள் இழுத்துக் கொடுத்தவன் அவன். சொந்த வீட்டில் மட்டும் கேபிள் ஜன்னல் கம்பி வழியாக நுழைந்து, துணி காயப்போடும் கொடி மாதிரி தொங்கிக்கொண்டு டிவிக்குப் போகும். மனைவி பொற்கொடி இரண்டு வருஷமாக அதைச் சொல்லிக் காட்டாத நாளில்லை.

“ஊருக்கெல்லாம் நேரா இழுக்கறீங்க. நம்மூட்டுக்கு வந்தா மட்டும் கை கோணிக்குதாக்கும்?”

“கம்ப்ளைண்ட்டைக் கொஞ்சம் சத்தமாக் குடு அம்மணி. அப்பத்தான் வேலை நடக்கும்.”

ஸ்டூலில் ஏறி, ஆணிகளை உதட்டில் கவ்விக்கொண்டு, சாணுக்கு ஒரு பென்சில் குறி வைத்து, நாலு க்ளிப் அடித்தான். ஐந்தாவதுக்குக் குறி போட்டபோது வெள்ளக்கிணற்றிலிருந்து ஆள் வந்துவிட்டார். அங்கே ஒரு தெரு முழுக்கப் படம் வரவில்லையாம்.

“மிச்சத்தைப் பொழுதோட அடிச்சுக்கலாம்” என்று சுத்தியலை டிவி மேல் வைத்துவிட்டு, கேபிள் சுருளைத் தோளில் மாட்டி மொபெட்டை எடுத்தான். மேட்டுப்பாளையம் ரோட்டில் ஒரு லாரி. பத்து மணிக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

பக்கத்து ஏரியாக்காரர் இணைப்புகளை எடுத்துக்கொண்டார். பரணில் பாதி தீர்ந்த ஒரு கேபிள் ரோலும், அவன் கத்தியும், இடுக்கியும் மிஞ்சின. அவனுக்குக் காய்ச்சல் வந்த நாட்களில் மொட்டைமாடிகளில் ஏறி இணைப்புப் போட்டுக் கொடுத்தது பொற்கொடிதான். கேபிளின் மேல்தோலை உள்கம்பியில் கீறல் விழாமல் சீவ அவளுக்குத் தெரியும். கை சும்மா இருக்கமாட்டாமல் பரணிலிருந்து ஒரு துண்டு வெட்டி எடுத்துச் சீவிக்கொண்டிருப்பாள். மகள் இனியா அதைப் பார்த்துக்கொண்டே பள்ளிக்கூடம் கிளம்புவாள்.

ஒன்றரை வருஷம் இப்படிப் போனது. தொண்ணூற்றேழில் காந்திபுரத்து கம்ப்யூட்டர் சென்டர் ஒன்றில், பெண்களுக்கு மட்டும் ஆறு மாத நெட்வொர்க்கிங் பயிற்சி என்று போர்டு வைத்தார்கள். ஏதோ ஒரு அறக்கட்டளை உதவியில் நடந்தது. பன்னிரண்டாவது படித்திருந்தால் போதும் என்றார்கள். பதினோரு பேர் சேர்ந்தார்கள். டிரில்லிங் மெஷினைக் கையில் கொடுத்ததும் இரண்டு பேர் வருவதை நிறுத்திவிட்டார்கள்.

பாடம் எடுத்தவள் மோகனப்பிரியா. இன்ஜினியரிங் முடித்த இருபத்துநாலு வயதுக்காரி. முதல் நாள் போர்டில் வரிசையாகக் கட்டங்கள் போட்டு, எல்லாவற்றையும் தொட்டுக்கொண்டு ஒரே கோடு இழுத்தாள். “ஒரே கேபிள்தான் எல்லா கம்ப்யூட்டர் வழியாவும் போகுது. ரெண்டு கடைசியிலயும் ஒரு மூடி. நடுவுல ஒரு ஜாயிண்ட் லூஸானாப் போதும், எல்லாரும் நின்னுபோவாங்க.”

பின் பெஞ்சில் பொற்கொடி சத்தமாகச் சிரித்துவிட்டாள்.

“என்னங்க்கா?”

“ஒண்ணுமில்லீங் மேடம். ஒருத்தர் ஊட்ல லூஸானதுக்கு எங்க ஊட்டுக்காரர் தெரு முச்சூடும் திட்டு வாங்குவாருங்க. கம்ப்யூட்டர்லயும் அதே கதைதானுங்களா?”

அன்றிலிருந்து வகுப்பு அவளுக்குப் பிடித்துப்போனது.

ஆனால் அங்கே ஒரு வழக்கம் இருந்தது. பையன்கள் படித்து முடித்ததும் டூல் பையோடு மில்களுக்கும் வங்கிகளுக்கும் போய் லைன் போடுவார்கள். பெண்களை சென்டர் முதலாளி வரதராஜுலு வரவேற்பு மேஜையில் உட்காரவைத்து டைப் அடிக்கச் சொல்லிவிடுவார். மோகனப்பிரியா இரண்டு மாதம் அவரோடு மல்லுக்கட்டினாள். கடைசியில் அவர் பேட்சையே கூப்பிட்டார்.

“சூலூர்ல ஒரு மில் ஆபீஸ். ஏழு மெஷின். ஞாயித்துக்கெழமை நீங்க லைன் போடுங்க. திங்கக்கெழமை காலைல ஆபீஸ் ஓடோணும். ஓடிச்சுன்னா நான் வாயத் தொறக்கலை. ஓடலைன்னா பசங்களை அனுப்பிச் சரி பண்ணிக்கறேன். அப்புறம் லைன் போடறோம், ஏணி ஏறறோம்னு யாரும் எங்கிட்ட வரக்கூடாது. அடுத்த பேட்சுக்கு டைப்பிங்கோட நிறுத்திடுவேன்.”

மோகனப்பிரியாவோடு இரண்டு பேர் போனார்கள். ஒருத்தி பொற்கொடி. இன்னொருத்தி சூலூரை அடுத்த கலங்கலில் இருந்து வந்த சாந்தாமணி. அவள் வீட்டில் பத்து தறி ஓடுகிறது. வாய் அதைவிட வேகமாக ஓடும்.

ஞாயிற்றுக்கிழமை மில் ஆபீசில் வாட்ச்மேனும் கேன்டீன்காரரும் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். பொற்கொடி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏணியில் நின்று சுவரைத் துளைத்தாள்.

“அண்ணா, பாத்தது போதுமுங். அந்தக் கூட்டுமாத்தை இப்படிக் குடுங்க, தூசியைக் கூட்டோணும்” என்றாள் சாந்தாமணி. இருவரும் கலைந்து போனார்கள்.

மூன்று மணிக்கு வேலை முடிகிற நேரத்தில் மேனேஜர் பொங்கியண்ணன் எலுமிச்சம்பழத்தோடு வந்தார்.

“ஏனுங் அம்மணிகளா, என்ற டேபிளை அந்தச் செவுத்துக்கு மாத்திக் கெழக்கே பாக்கப் போடச் சொல்லிப்போட்டாருங்க வாஸ்துக்காரர். வயரு அக்கட்ட வருமில்லீங்?”

“இனி வாசப்படியைத் திருப்பச் சொன்னாலும் நாங்கதானுங்களா?” என்று முணுமுணுத்தாள் சாந்தாமணி. மேஜை எதிர்ச்சுவருக்குப் போய்விட்டது. அளந்து பார்த்தார்கள். முப்பது அடி பற்றவில்லை. கொண்டுவந்த கேபிள் தீர்ந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை எந்தக் கடை திறந்திருக்கும்? மோகனப்பிரியா உள்ளறையில் சர்வரோடு போராடிக்கொண்டிருந்தாள்.

பொற்கொடி தன் பையைத் திறந்தாள். வீட்டில் பழகிப் பார்க்க ரூபனின் ரோலிலிருந்து வெட்டிய சுருள் அதில் எப்போதும் கிடக்கும். அதே கறுப்பு, அதே வழவழப்பு.

“இருக்குது சாந்தா. ஏறிக்க, ஸ்டூலை நான் புடிக்கறேன்.”

முனையில் கனெக்டரின் உலோக வளையத்தைக் கோத்தபோது அது இறுக்கமாக இருந்தது, உள்ளே போக மறுத்தது.

“நம்ம வயிறு மாதிரிதானுங்க்கா, கொஞ்சம் இழுத்துப் புடிச்சாப் போயிரும்” என்றாள் சாந்தாமணி.

பொற்கொடி ரூபனின் கத்தியால் மேல்தோலை ஒரு சுற்று சீவினாள். வளையம் ஏறியது. இடுக்கியால் நசுக்கி, மீட்டரை வைத்துப் பார்த்தாள். கீச்சென்றது, இணைப்பு சரி. ஆறு மணிக்கு ஏழு கம்ப்யூட்டர்களும் சர்வரைப் பிடித்துவிட்டன. மோகனப்பிரியா இரண்டு பேரையும் கட்டிக்கொண்டாள். திரும்பும் பஸ்ஸில் பொற்கொடிக்கு ஜன்னலோர இடம் கிடைத்தது. ரூபனின் கேபிள் ஒரு மில்லுக்குள் ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டே வந்தாள். நெடுநாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவளுக்கு நன்றாகப் பசித்தது.

திங்கட்கிழமை காலையில் மூன்று பேரும் மறுபடி மில்லுக்கு வந்திருந்தார்கள். ஒன்பதரைக்குச் சனியன் ஆரம்பித்தது. ஒரு கம்ப்யூட்டரில் பில் போடும்போது திரை அப்படியே நின்றது. அதைச் சரிசெய்து நிமிர்வதற்குள் இன்னொன்று நின்றது. எது எப்போது நிற்கும் என்று சொல்லமுடியவில்லை. வெளியே நூல் மூட்டைகளை ஏற்றிய லாரி பில்லுக்காகக் காத்திருந்தது. பொங்கியண்ணன் சென்டருக்குப் போன் போட்டுவிட்டார். மத்தியானம் பையன்களோடு நேரில் வருவதாக வரதராஜுலு சொன்னாராம்.

“முடிஞ்சுதுங்க்கா” என்றாள் மோகனப்பிரியா. அவள் கண் கலங்கியிருந்தது. “கார்டெல்லாம் பாத்துட்டேன். சாஃப்ட்வேரும் சரியாத்தான் இருக்கு.”

“மத்தியானம் வரைக்கும் இருக்குதல்லங் மேடம். எங்க ஊட்டுக்காரர் தெருவே நின்னுபோச்சுன்னா ஒவ்வொரு ஊடா ஏறமாட்டாருங்க. நடுவுல போய்க் கழட்டுவாரு. எந்தப் பக்கம் நல்லா இருக்குதோ அதை விட்டுப்போட்டு, அடுத்த பக்கத்துல பாதி. அப்புறம் அதுல பாதி.”

நாலாவது கம்ப்யூட்டரில் லைனைக் கழற்றி மூடியைப் போட்டார்கள். சர்வர் பக்கம் இருந்த நாலும் குதிரை மாதிரி ஓடின. லைனை ஆறாவது வரை நீட்டினார்கள். அதுவும் சரி. மேனேஜர் மேஜையில் இருந்த ஏழாவதைச் சேர்த்ததும் மறுபடி திரைகள் நின்றன.

கடைசித் துண்டில்தான் கோளாறு. பொற்கொடி அதன் இரண்டு முனையிலும் கனெக்டரை வெட்டிப் புதிதாகப் போட்டாள். சரியாகவில்லை. மூடியை மாற்றினாள். சரியாகவில்லை. மறுபடி கனெக்டரை வெட்டக் கத்தியை எடுத்தாள்.

“அக்கா, கேபிளே போயிருக்குமோ?” என்றாள் சாந்தாமணி.

“அதெல்லாம் நல்ல கேபிளு” என்று வெடுக்கென்று சொன்னாள் பொற்கொடி. சொன்ன பிறகுதான் அதைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். மேல்தோலில் வெள்ளையாகப் பொடி எழுத்துகள். நடுவில் 75.

முதல் வாரமே வகுப்பில் சொன்னதுதான். டிவி கேபிள் எழுபத்தைந்து ஓம், நம்முடையது ஐம்பது. கண்ணுக்கு ஒன்றுபோல் இருக்கும், மீட்டரும் சரி என்றுதான் சொல்லும். கலந்தால் சிக்னல் சுவரில் பட்ட பந்து மாதிரி திரும்பி வரும். பொற்கொடி அதை நோட்டில் எழுதி அடிக்கோடும் போட்டிருந்தாள். ஆனால் பரணில் இருந்தது அவளுக்கு டிவி கேபிள் இல்லை. அது ரூபனின் கேபிள். அந்தப் பாடம் இதைத்தான் சொல்கிறது என்று ஒருநாளும் தோன்றவில்லை.

அந்தத் துண்டைக் கழற்றிச் சுருட்டிப் பையில் வைத்தாள். பொங்கியண்ணனிடம் போனாள்.

“ஏனுங், ஒரு பொழுதுக்கு மட்டும் டேபிளைப் பழைய எடத்துல போட்டு மேக்கே பாத்து உக்காருவீங்களா?”

“மேக்கா? அம்மணி, வாஸ்துக்காரர்…”

“லாரி நிக்குதுங்க” என்றாள் சாந்தாமணி.

பொங்கியண்ணன் வாசலைப் பார்த்தார். லாரியைப் பார்த்தார். “செரி, தூக்குங்க” என்றார்.

மேஜை பழைய இடத்துக்கு வந்தது. இருந்த கேபிளே போதுமானதாக இருந்தது. ஏழும் ஓடின. பில் அடித்து லாரி கிளம்பியது. மேனேஜர் மேற்கே பார்த்து உட்கார்ந்து கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கையில் வரதராஜுலு இரண்டு பையன்களோடும் புது கேபிள் ரோலோடும் உள்ளே வந்தார்.

“என்ன, ஓடுது?”

“ஓடுதுங்க சார்” என்றாள் மோகனப்பிரியா.

சாந்தாமணி பொற்கொடியின் காதருகே வந்தாள். “ஒரு ஜாயிண்ட் லூசா இருந்துச்சுன்னு சொல்லிப்போடலாமுங்க்கா. யாருக்குத் தெரியப்போகுது? சொன்னா நம்மளை எல்லாரையும் டைப்படிக்க உக்கார வெச்சுருவாரு.”

அது பொற்கொடிக்கும் தெரிந்தேயிருந்தது. தன் ஒருத்தியின் தப்புக்கு ஒன்பது பேர் மேஜைக்குத் திரும்ப நேரலாம். ஆனால் கோளாறு இன்னது என்று சொல்லாமல் ரூபன் ஒரு வீட்டிலிருந்தும் இறங்கி வந்ததில்லை. சொல்லாமல் விட்டால் இன்னொருத்தி இதே தப்பைச் செய்வாள், அன்றைக்கு மேஜையைத் திருப்ப மேனேஜர் சம்மதிக்கமாட்டார்.

“தப்பு என்னுதுங்க சார்.” பையைத் திறந்து சுருளை அவர் முன்னால் வைத்தாள். “நேத்து முப்பது அடி பத்தலீங்க. எம்பட ஊட்டுக்காரர் வெச்சிருந்த டிவி கேபிளைப் போட்டுட்டேனுங்க. மேடத்துக்கும் சாந்தாமணிக்கும் தெரியாதுங்க.”

பையன்களில் ஒருவன் சிரித்தான். வரதராஜுலு சிரிக்கவில்லை. சுருளை எடுத்துப் புரட்டி, சீவிய முனையைத் தடவிப் பார்த்தார்.

“எப்படிக் கண்டுபுடிச்சே?”

“பாதி பாதியாக் கழட்டிங்க.”

“எவ்வளவு நேரம் ஆச்சு?”

“ஒண்ணரை மணி நேரமுங்க. கனெக்டர் மேல சந்தேகப்படாம இருந்திருந்தா அரை மணிதானுங்க.”

வரதராஜுலு சிரித்த பையன் பக்கம் திரும்பினார். “போன மாசம் அவிநாசில நீ எத்தனை நாள் தேடுனே?”

“மூணு நாளுங்க” என்றான் பக்கத்திலிருந்தவன்.

வரதராஜுலு புது ரோலை பொற்கொடியின் காலருகே வைத்தார். “மேனேஜரைக் கெழக்கே திருப்பிட்டுக் கெளம்புங்க. வர்ற ஞாயித்துக்கெழமை பொள்ளாச்சில பன்னெண்டு மெஷின். முழு ரோலா எடுத்துட்டுப் போங்க. ஊட்டுல இருந்து ஒண்ணும் கொண்டுவர வேண்டாம்.”

அவ்வளவுதான் சொன்னார். சாந்தாமணி பொற்கொடியின் முதுகில் வைத்த அடி வாசல் வரை கேட்டது. புது கேபிளை எதிர்ச்சுவர் வரை இழுத்து, சாணுக்கு ஒன்றாக க்ளிப் அடித்து முடிக்கும்போது நாலு மணி. கேன்டீன்காரர் கேட்காமலே மூன்று டீ கொண்டுவந்து வைத்தார்.

அந்த பேட்சில் ஒன்பது பேரும் லைன் போட்டார்கள். அடுத்த பேட்சில் பதினெட்டுப் பேர் சேர்ந்தார்கள். அவர்களுக்குக் கேபிள் பாடம் பொற்கொடிதான் எடுத்தாள். இரண்டு துண்டுகளை மேஜைமேல் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்க்கச் சொல்லுவாள். டிவி கேபிள் கொஞ்சம் தடிமன். தெரிந்த பிறகு விரல் ஏமாறாது.

அதன் பிறகு கோயம்புத்தூரிலும் சுற்றுப்பட்டிலும் எத்தனை சுவர்களில் அவள் க்ளிப் அடித்தாள் என்று கணக்கில்லை. வீட்டில் டிவிக்கு வரும் கேபிள் ஜன்னலிலிருந்து நாலு சாண் நேராக வந்து, பிறகு தொங்கிக்கொண்டு போகிறது. ஐந்தாவது க்ளிப்புக்குப் போட்ட பென்சில் குறி சுவரில் இருக்கிறது.