மூன்று வீட்டுத் திருநீறு

கமலவேணி மூன்று மாதத்துக்கு முன் ஞானஸ்நானம் எடுத்தது அவள் குடியிருக்கும் உலு திராம் ஊர் முழுக்கத் தெரியும். வெளியூர்ச் சொந்தங்களுக்கு, முக்கியமாக யோங் பெங்கில் இருக்கும் அக்கா செல்லத்துக்கு, தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தாள், பாவம். பள்ளி விடுமுறைக்குச் சொந்தபந்தம் பார்க்கப் போகும் சாக்கில் சொல்லிவிடுவதாகத் திட்டம். வழியில் மூன்று வீடு, அதில் ஒன்று பண்டார் தெங்காராவில் அத்தை வீடு. மூன்றிலும் நெற்றி நிறையத் திருநீறு பூசினார்கள். கார் கேட்டைத் தாண்டுவதற்குள் டிஷ்யூவால் துடைத்தாள். சீட்டில் நெளிந்துகொண்டே வந்தாள்.

"எறும்பு கடிக்குதா?" என்றான் கணவன் லோகேஸ்வரன்.

யோங் பெங்கில் செல்லம் திருநீற்றுத் தட்டோடு வந்தாள். லோகேஸ்வரனுக்குப் பூசிவிட்டு, தங்கச்சியைத் தாண்டிப் போனாள்.

"அக்கா, எனக்கு?" வாய் தானாகக் கேட்டுவிட்டது.

"எதுக்கு, கார்ல துடைக்கவா? பண்டார் தெங்காரா அத்தை ஜன்னல்ல பார்த்துட்டு அப்பவே போன் போட்டுட்டாங்க லா."

கமலவேணி எழுந்தாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள். "சொல்லத்தான் வந்தேன்க்கா. சாமிக்குப் படைச்சதையும் நான் சாப்பிடறதில்ல."

"அதுவும் தெரியும்." செல்லம் அடுப்படியிலிருந்து மூடிய கிண்ணம் ஒன்றைக் கொண்டுவந்தாள். "படைக்கிறதுக்கு முன்னாடியே உனக்கு எடுத்து வச்சிட்டேன். இத்தனை வருஷத்துல யாருக்கும் அப்படி எடுத்ததில்ல. சாமி கோவிச்சா நான் பேசிக்கிறேன். நீ உக்காந்து சாப்பிடு."

அன்றைக்கு முதல் தடவையாகக் கமலவேணி நாற்காலியில் முழுசாக உட்கார்ந்தாள்.