ஸ்விட்ச் இல்லாத பாயிண்ட்

மாளவிகாவை எழுப்பப் போனேன். எழுந்திருக்கவில்லை. தலையணை வியர்வையில் நனைந்திருந்தது. கன்னத்தைத் தட்டினால் கண்ணைத் திறந்து, யாரோ அந்நியனைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். குளுகோஸ் பொடியைக் குழைத்து உதட்டுக்கு உள்ளே தடவிக்கொண்டே இருந்தேன். "அப்பா, மூஞ்சியெல்லாம் ஒட்டறது" என்று அவள் சலித்துக்கொண்ட பிறகுதான் கையை எடுத்தேன்.

சின்ன வயதிலிருந்தே அவளுக்குச் சர்க்கரை. உடம்பு இன்சுலினே சுரக்காத வகை. கையில் ஒட்டியிருக்கும் சென்சார், சர்க்கரை இறங்கினால் அவள் போனுக்குச் சொல்லும். அந்தப் போன் அலறும், அதைத் தொடர்ந்து என் அறையில் என் போனும் அலறும். அதற்கு அவள் போனில் உயிர் இருக்க வேண்டும். அன்று இல்லை. சார்ஜர் சொருகியபடியே இருந்தது. ஸ்விட்சை அணைத்திருந்தார்கள்.

அணைத்தவர் என் மாமனார் அனந்தகிருஷ்ணன்.

அவரைத் திட்ட எனக்கு வாய் வராது. முடிச்சூரில் இதே வீட்டில்தான், அந்த டிசம்பர் வெள்ளத்தில், என் மனைவி அபிதா தண்ணீரில் நின்றபடி இன்வெர்ட்டர் பிளக்கைப் பிடுங்கப் போனாள். ஷாக் அடித்தது. அவருக்கு ஒரே பெண். காரியங்கள் முடிந்ததும் மாம்பலத்து வீட்டைக் காலி செய்துகொண்டு எங்களோடு வந்துவிட்டார். அன்றிலிருந்து படுக்கப் போகுமுன் வீடு முழுக்க ஒரு சுற்று வருவார். சிவப்புப் புள்ளியாக எது எரிந்தாலும் அணைத்துவிடுவார். ஃப்ரிட்ஜுக்கு மட்டும் விலக்கு. அதுவும் நான் வாதாடி வாங்கியது.

மாளுவின் சார்ஜர் ஸ்விட்சுக்கு மேல் 'தொட வேண்டாம்' என்று முன்பே எழுதி ஒட்டிப் பார்த்திருந்தேன். காகிதத்தைக் கிழிக்காமல் பக்குவமாக அணைத்திருந்தார். பவர் பேங்க் வாங்கிக் கொடுத்தேன். அது வெடிக்கும் என்று வாட்ஸப்பில் வந்ததாம். கொல்லையில் மணல் வாளிக்குள் புதைத்து வைத்திருந்தார்.

"மாமா, அது மாளுவுக்காக வாங்கினது."

"தெரியறது மாப்பிள்ளை. நானா அணைக்கறேன்? கை போயிடறது."

"கைகிட்ட கொஞ்சம் சொல்லி வையுங்கோ."

"எழுபத்தெட்டு வயசுக் கை. நான் சொன்னா எங்கே கேக்கறது?"

மாளு மயங்கிக் கிடந்த அன்று அவர் சாப்பிடவில்லை. அவள் அறை வாசலிலேயே நின்றார். எனக்கு அவர்மேல் கோபமில்லை. ஆனால் இனி அவரை நம்பவும் முடியாது. போனை என் அறைக்குக் கொண்டுபோனால் சென்சாருக்கு எட்டாது. அவள் அறையிலேயே, அவர் கண்ணில் படாமல் மின்சாரம் வேண்டும் என்று முடிவு செய்தேன்.

மேற்குத் தாம்பரத்தில் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கும் மோகன்ராஜ், மாளுவின் சுவர் அலமாரியைத் திறந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இன்னா சார், துணிக்கு சார்ஜ் ஏத்தப் போறியா?"

"போனுக்கு. வெளியே எதுவும் தெரியக் கூடாது. ஸ்விட்ச் வேண்டாம், லைட்டும் வேண்டாம்."

"ஸ்விட்ச் இல்லாத பாயிண்டா? யாராண்ட சார் மறைக்கிற?"

"மாமனார்கிட்டே."

"மாமனாருக்கு பயந்து அலமாரில பூந்துக்கின மொத ஆளு நீதான் சார்."

காரணத்தைச் சொன்னேன். அதற்குப் பிறகு அவர் கேலி செய்யவில்லை. மெயின் பெட்டியிலிருந்து தனி ஒயர், அதை மட்டும் துண்டிக்கத் தனி டிரிப்பர். சுவரைக் கொத்திப் பைப் பதித்து, அலமாரியின் கடைசித் தட்டில், மூலையில், பாயிண்டை வைத்தார். கடப்பா கல் தட்டு, தீப்பிடிக்காது. அந்தத் தட்டில் துணியே இருக்கக் கூடாது என்று மாளுவிடம் கண்டிப்பாகச் சொன்னேன். சூடு வெளியேறவும் சத்தம் கேட்கவும் கதவில் ஓட்டைகள் போட்டோம்.

நங்கநல்லூரில் ஒரு சதாபிஷேகத்துக்குப் போயிருந்த மாமா, நாங்கள் பெருக்கி முடிப்பதற்குள் வந்துவிட்டார்.

"என்ன தூசி இது?"

"கதவு புடிச்சிக்கினு இருந்துச்சு பெரியவரே. இழைச்சு வுட்டேன்" என்றார் மோகன்ராஜ்.

"மரத்தூள் செவப்பா இருக்கே?"

"அது... தேக்கு சார்."

மாமா அவரையும் என்னையும் பார்த்தார். கால் அலம்பப் போய்விட்டார்.

அதன்பின் தினமும் போன் நிறைந்திருந்தது. மாமா வழக்கம்போல் சுற்றி வந்து எல்லாவற்றையும் அணைத்தார். "தாத்தாவை ஏமாத்தறோம்ல?" என்று மாளு ஒருமுறை கேட்டாள். "ஆமா" என்றேன்.

ஐப்பசி மழை வந்தது. மூன்றாம் நாள் சாயங்காலம் தெருவில் தண்ணீர் தேங்க ஆரம்பித்தது. ஏரியைத் திறக்கப் போவதாக டி.வி.யில் சொன்னார்கள். மாமா எழுந்து டார்ச்சோடு மாடிப்படிக்குக் கீழே போனார். அதுவரை அவர் தொட்டே இராத மெயின் பெட்டியைத் திறந்தார்.

"இதென்ன, புதுசா ஒண்ணு?"

டிரிப்பர்மேல் விரலை வைத்துவிட்டார். நான் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தேன்.

"விடுங்கோ மாப்பிள்ளை. தண்ணி வரது. எல்லாத்தையும் இறக்கிடறேன்."

"இதை இறக்க விடமாட்டேன் மாமா."

அவரிடம் நான் அந்தக் குரலில் பேசியதே இல்லை. அவர் விரலை எடுக்கவில்லை.

"அன்னிக்கு அபிதா..."

"அபிதா நம்ம ரெண்டு பேருக்குமே இல்லாமப் போயிட்டா. மாளுவை விடமாட்டேன். உங்களுக்காகவும் விடமாட்டேன்."

அவர் விரலை எடுத்தார். "அந்தத் தேக்கு எங்கே இருக்கு, காட்டுங்கோ" என்றார்.

அலமாரியைத் திறந்து காட்டினேன். முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தார். பாயிண்டைத் தொடவில்லை. பக்கத்துச் சுவரில் கையை வைத்து மெல்ல மேலே கொண்டுபோனார். என் மார்புக்கு நேராக வந்ததும் நிறுத்தினார்.

"அன்னிக்குத் தண்ணி இதுவரைக்கும் வந்தது, இல்லையா?"

வந்தது. கண்ணில் படாத இடமாகத் தேடித் தேடி, தண்ணீருக்கு முதலில் எட்டும் இடத்தில் வைத்திருந்தேன்.

"மேலே கொண்டுபோங்கோ" என்றார். "என் தலைக்கு மேலே. அப்போ நான் தொடமாட்டேன்."

"நிச்சயமா?"

"கை எட்டாதே, மாப்பிள்ளை."

அன்று மாளு சாப்பிட்டு எழுவதற்குள் போனைச் சார்ஜ் போட்டோம். அலமாரிக்கு முன் இரண்டு நாற்காலி. தெருவை அவர் பார்த்தார், போனை நான் பார்த்தேன். நிறைந்ததும் பிளக்கை நான் பிடுங்கினேன், டிரிப்பரை அவர் இறக்கினார். தண்ணீர் வாசற்படியோடு நின்றுவிட்டது.

மறுநாள் மோகன்ராஜ் ரெயின்கோட்டோடு வந்து, வாயில் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே மறுபடி சுவரைக் கொத்தினார். பாயிண்ட் மேல்தட்டுக்குப் போனது. மாமா பக்கத்திலேயே நின்று "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று அவரைப் படுத்தி எடுத்தார்.

கார்த்திகையில் ஒரு விடியற்காலை அலமாரி அலறியது. என் தலைமாட்டில் என் போனும் அலறியது. நான் ஓடுவதற்குள் மாமா மாளுவை எழுப்பி உட்காரவைத்து, சர்க்கரைத் தண்ணீர் டம்ளரை அவள் வாயருகே பிடித்துக்கொண்டிருந்தார். அவள் பாதி குடித்துவிட்டாள். அலறல் நிற்கவில்லை.

"தாத்தா, அதை யாராவது நிறுத்துங்களேன். காது போறது."

மாமா டம்ளரை எடுக்காமல் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"நீங்களே நிறுத்துங்கோ. நான் குழந்தையைப் பாத்துக்கறேன்."

ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினேன்.